மற்றவர்களின் இரவில் ஓர் இடைவெளி: திருகோணமலையும் நகைச்சுவை அரங்கும்

அரங்கியல் படிக்கும் தம்பி ஒருவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டிருக்கிறார். சிகாகோ நகரில் நகைச்சுவைக்கென்றே ஒரு சிறு அரங்கு அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக நடந்து வருவதைப் பற்றி அவர் படித்திருக்கிறார். அதுபோன்ற ஒன்று நம் திருகோணமலையில் எப்போதாவது இருந்ததா, இருந்திருந்தால் அதன் வரலாறு என்ன, இல்லையென்றால் ஏன் இல்லை என்பதே அவருடைய கேள்வி. கட்டடத்தைத்தான் கேட்கிறார் என்றால், அப்படி ஒன்று இருந்ததில்லை என்று ஒரு வரியில் முடித்துவிடலாம். ஆனால் கட்டடம் இல்லாததால் வரலாறும் இல்லை என்று அவர் எடுத்துக்கொள்வாரோ என்ற அச்சத்தில்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் அவர் குறிப்பிட்ட அரங்கைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 'செக்கண்ட் சிற்றி', அதாவது 'இரண்டாம் நகரம்', என்னும் அந்த அரங்கு 1959 டிசம்பர் 16 ஆம் தேதி தொடங்கப்பட்டது. போல் சில்ஸ், பேர்னி சாலின்ஸ், ஹோவார்ட் அல்க் ஆகிய மூவரும் அதன் நிறுவனர்கள். நியூ யோர்க்கிலிருந்து வெளிவந்த சஞ்சிகை ஒன்றில் எழுத்தாளர் ஒருவர் சிகாகோவை 'இரண்டாம் நகரம்' என்று ஏளனம் செய்து எழுதியிருந்தார். அந்த ஏளனத்தையே இவர்கள் பெயராகச் சூடிக்கொண்டார்கள். சில்ஸின் தாயார் வயோலா ஸ்போலின் பிள்ளைகளுக்காக உருவாக்கியிருந்த அரங்க விளையாட்டுகளே அந்தக் குழுவின் மூலதனம். எழுதி ஒத்திகை பார்த்த சிறு காட்சிகளை முதலில் நடிப்பார்கள். பிறகு பார்வையாளரிடம் ஒரு சொல்லையோ ஓர் இடத்தையோ கேட்டு வாங்கி, அதை வைத்து அந்த நிமிடத்திலேயே காட்சி அமைப்பார்கள். அப்படிப் பிறந்தவற்றுள் நன்றாக வந்தவை அடுத்த நிகழ்ச்சிக்கான எழுத்துருவாக மாறும். இந்தச் சுழற்சியைத் தம்பி நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் நம் ஊரில் கட்டடத்தைவிட அதிகமாக இல்லாமற்போனது இதுதான்.

நம் பக்கத்து நகைச்சுவைக்குத் தனி இரவு என்று ஒன்று என்றும் கொடுக்கப்பட்டதில்லை. மற்றவர்களுடைய இரவில் ஓர் இடைவெளியே அதற்குக் கிடைத்தது. அரசனுடைய இரவு, அரிச்சந்திரனுடைய இரவு, சிவனுடைய இரவு, பாடசாலைப் பரிசளிப்பு விழாவின் இரவு ஆகியவற்றின் நடுவே கோமாளிக்குப் பத்து நிமிடம் கிடைக்கும். அவன் கெட்டிக்காரனாக இருந்தால் அதை இருபது நிமிடமாக்கிக்கொள்வான். ஆகவே நம்முடைய நகைச்சுவை அரங்கின் வரலாற்றைத் தேடுபவர் அந்த இடைவெளிகளுக்குள்தான் புகுந்து தேட வேண்டும்.

கூத்திலிருந்து தொடங்குவோம். கிழக்கிலங்கையில் ஆடப்படும் வடமோடி, தென்மோடி என்னும் இருவகைக் கூத்துகளில், ஆடுகளமான களரி வட்டமாக அமையும். சுற்றிவரச் சனம் இருக்கும். கூத்தைப் பழக்கிய அண்ணாவியார் மத்தளத்தோடு நிற்பார். அரசரும் வீரரும் பாட்டிலும் தாளக்கட்டிலும் வருவார்கள். அவர்களுக்கு முன்னால் கட்டியம் கூறிக்கொண்டு வருபவன் கட்டியகாரன். அரசனின் பெருமையைச் சொல்ல வேண்டியவன் அவன். ஆனால் அரசனுடைய மொழிக்கும் சனத்தின் மொழிக்கும் நடுவில் நிற்பவனும் அவனே. ஆகையால் ஆட்டக்காரர் மூச்சு வாங்கும் வேளையில், எவருக்கும் புரியாத இடத்தில், ஊர்ப்பேச்சில் ஒரு வார்த்தை போட்டுச் சிரிக்க வைக்கும் உரிமை அவனுக்கும் கோமாளிக்கும் இருந்தது. பாட்டுகள் ஏட்டில் இருந்தன. கோமாளியின் பேச்சு எந்த ஏட்டிலும் இல்லை. அன்று ஊரில் நடந்ததைப் பொறுத்து அது மாறியது. பேச்சை அந்த நிமிடத்தில் உண்டாக்கும் கலை நமக்கு அந்நியம் என்று நினைப்பவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நகைச்சுவையே முழுப்பொருளாக அமைந்த ஆட்டம் நமக்கு இருந்ததா என்று கேட்டால், மகிடிக் கூத்தைத்தான் சொல்வேன். மலையாள நாட்டிலிருந்து வந்த மந்திரவாதிக்கும் ஊர் மந்திரவாதிக்கும் இடையில் நடக்கும் போட்டியே அதன் கதை. நாட்டி வைத்த கும்பத்தை எடுக்கப் போகிறவன் மந்திரக் கட்டில் சிக்கி விழுவான், புரளுவான், அழுவான். கட்டை அவிழ்க்க வந்தவனும் அவனோடு சேர்ந்து விழுவான். எழுதி வைத்த வசனம் அதில் குறைவு. விழுகிறவனின் உடம்பும் சுற்றி நிற்கும் சனத்தின் கூச்சலுமே அதன் எழுத்துரு. ஆய்வாளர்கள் அதில் குடியேற்றத்தின் வரலாற்றையும் அந்நியர் மீதான அச்சத்தையும் காண்கிறார்கள், அது சரியாகவும் இருக்கலாம். ஆனால் பார்த்தவர்கள் முதலில் சிரித்தார்கள் என்பதை ஆய்வுரைகள் சற்று விரைவாகத் தாண்டிப் போய்விடுகின்றன என்பது என் குறை.

அடுத்த இடைவெளி திரைச்சீலையில் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் தமிழகத்து நாடகக் கம்பெனிகள் கடல் கடந்து வந்து இலங்கையில் கொட்டகை போட்டு ஆடின. அவற்றின் வழியில் இங்கேயும் இசை நாடகக் குழுக்கள் தோன்றின. அரண்மனை, காடு, தெரு என்று சீலையில் தீட்டிய படுதாக்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொங்கும். அரண்மனையைக் கழற்றி மயானத்தை அமைக்க நேரம் வேண்டும். அந்த நேரத்தில் மேடையின் முன்புறத்துத் தெருப் படுதா இறங்கும். அதன் முன்னால் உள்ள ஒடுங்கிய இடத்தில் பபூன், அதாவது நாடக மேடைக் கோமாளி, வந்து நிற்பான். பின்னால் சுத்தியல் சத்தம் கேட்கும். அது சனத்தின் காதில் விழாதபடி பேசுவதும் பாடுவதும் அவன் வேலை. நாடகத்தின் கதையோடு அவனுக்குப் பெரிய தொடர்பு இருக்க வேண்டிய தேவையில்லை. பின்னாளில் தமிழ்ப் படங்களில் கதாநாயகனின் கதை ஒரு பக்கமும் நகைச்சுவை நடிகரின் கதை இன்னொரு பக்கமுமாக இரண்டு தண்டவாளங்கள் போல ஓடியதற்கு, அந்தப் படுதா மாற்றும் நேரமே மூலம் என்று நான் நினைக்கிறேன். நாடகக் கம்பெனியில் பயின்று படத்துக்குப் போன என். எஸ். கிருஷ்ணனைப் போன்றவர்கள் அந்த ஒடுங்கிய இடத்தின் கணக்கை நன்றாக அறிந்திருந்தார்கள்.

இதே காலத்தில் படித்தவர்களின் சபா நாடகமும் வளர்ந்தது. சென்னையில் 1891 இல் சுகுண விலாச சபையைத் தொடங்கிய பம்மல் சம்பந்த முதலியார், 'சபாபதி' போன்ற முழுநீள நகைச்சுவை நாடகங்களை எழுதினார். அசட்டு எசமானும் அவனிலும் அசடான வேலைக்காரனுமாக ஒரே பெயருள்ள இருவரை வைத்து அமைத்த அந்த நாடகம் 1941 இல் படமாகவும் வந்தது. அவருடைய வழியைப் பின்பற்றிய கலையரசு க. சொர்ணலிங்கம் 1913 இல் இலங்கையில் சுபோத விலாச சபையைத் தொடங்கினார். நமது ஊரோடு நேர்த் தொடர்புடைய ஒருவரையும் இங்கே சேர்க்க வேண்டும். திருகோணமலை இந்துக் கல்லூரியின் பொறுப்பை இராமகிருஷ்ண மிஷனின் சார்பில் ஏற்று அதன் அதிபராகவும் இருந்த சுவாமி விபுலானந்தர், 1926 இல் வெளிவந்த 'மதங்கசூளாமணி'யில் சேக்ஸ்பியரின் நாடகங்களையும் வடமொழித் தசரூபகத்தின் இலக்கணத்தையும் தமிழ் நாடகத்துக்காக ஆராய்ந்தார். தசரூபகம் கூறும் பத்து வகை நாடகங்களுள் பிரகசனம் ஒன்று. எள்ளி நகைப்பதற்கென்றே அமைந்த வகை அது. ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்ம பல்லவன் எழுதிய 'மத்தவிலாசம்' அந்த வகையைச் சேர்ந்ததுதான். இலக்கணம் நம் ஊர்க் கல்லூரி வாசல் வரை வந்தது. அதைப் படித்துக்கொண்டு யாராவது ஒரு பிரகசனம் எழுதினார்களா என்பது வேறு விடயம்.

மொழியில் நிகழ்ந்த மாற்றம்தான் எனக்கு இதைவிட முக்கியமாகத் தோன்றுகிறது. பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை 1940 இல் 'நானாடகம்' என்னும் தொகுப்பை வெளியிட்டார். 'உடையார் மிடுக்கு', 'முருகன் திருகுதாளம்' போன்ற நாடகங்களை அவர் யாழ்ப்பாணத்துப் பேச்சு மொழியில் எழுதினார். மேடையில் அரசரைப் போலப் பேசுவதுதான் நாடகம் என்று இருந்த காலத்தில், வீட்டுத் திண்ணையில் பேசுவது போலப் பாத்திரங்கள் பேசியதே சிரிப்புக்கும் வியப்புக்கும் காரணமாயிற்று. அதுவரை பேச்சு மொழி கோமாளிக்கு மட்டும் ஒதுக்கப்பட்டிருந்தது. அவர் அதை எல்லாப் பாத்திரங்களுக்கும் பகிர்ந்து கொடுத்தார். கோமாளியின் சொத்து பொதுச் சொத்தான பிறகு, கோமாளி இல்லாமலே நகைச்சுவை நாடகம் நடத்த முடிந்தது.

இனித் திருமலைக்கு, அதாவது நம் திருகோணமலைக்கு, வருகிறேன். இது துறைமுகத்தால் பிழைத்த ஊர். 1957 அக்டோபரில் பிரித்தானியர் கடற்படைத் தளத்தை இலங்கையிடம் கையளிக்கும் வரை, கப்பல் வந்தால் கடைவீதியில் காசு புழங்கும், வராவிட்டால் இல்லை. யாழ்ப்பாணமும் மட்டக்களப்பும் தங்களைக் கலைப் பிரதேசங்களாக எண்ணிக்கொண்டிருந்த காலத்தில், திருமலை இரண்டுக்கும் நடுவே வந்து போகிறவர்களின் ஊராக இருந்தது. இங்கே நாடகம் என்றால் கோவில் திருவிழா, பாடசாலை மண்டபம், நகர மண்டபம், வாசிகசாலை ஆண்டு விழா என்ற நான்குக்குள் அடங்கிவிடும். இவற்றுள் நகைச்சுவைக்கு மிகவும் தாராளமாக இடம் கொடுத்தது கோவில்தான் என்று சொன்னால் சிலர் முகம் சுளிக்கக்கூடும். சிவராத்திரியை நினைத்துப் பாருங்கள். நான்கு சாமமும் விழித்திருக்க வேண்டும். முதற் சாமத்தில் பக்தி விழிக்க வைக்கும். மூன்றாம் சாமத்தில் பக்தியால் மட்டும் முடியாது. அந்த நேரத்தில் மேடைக்கு அனுப்பப்படுபவர் சிரிக்க வைக்கக் கூடியவராக இருந்தால்தான் கூட்டம் நிமிர்ந்து உட்காரும். ஒரு புராண நாடகத்தின் நடுவில் சம்பந்தமே இல்லாமல் இரண்டு குடிகாரர் வந்து பேசிவிட்டுப் போனதை நான் சிறுவனாக இருந்தபோது பார்த்திருக்கிறேன். அந்த நாடகத்தின் பெயரே எனக்கு மறந்துவிட்டது. குடிகாரரில் ஒருவர் சால்வையைச் சாரமாக நினைத்து உடுத்த முயன்றது இன்றும் கண்ணுக்குள் நிற்கிறது.

நான் பார்த்த இன்னொரு மேடையைச் சற்று நெருக்கமாகச் சொல்ல வேண்டும். எழுபதுகளின் நடுப்பகுதியில், திறந்த வெளியில் மரப்பலகை அடுக்கிக் கட்டிய மேடை ஒன்றில், ஓர் அரச அலுவலகத்தைப் பற்றிய சிறு நகைச்சுவை நாடகம் நடந்தது. இலங்கையில் மாவட்ட நிருவாக அலுவலகத்தைக் கச்சேரி என்று சொல்வது வழக்கம். அந்தச் சொல்லை வைத்தே நாடகம் தொடங்கும். கிராமத்திலிருந்து வந்த முதியவர், "கச்சேரி எண்டு சொல்லிச்சினம், பாட்டுக் கேக்கலாம் எண்டு வந்தன், இஞ்ச எல்லாரும் நித்திரையெல்லோ கொள்ளுகினம்" என்பார். கிளார்க்கராக நடித்தவர் பகலில் உண்மையிலேயே ஒரு கந்தோரில் கிளார்க்கர்தான். முகத்தில் முத்துவெள்ளை, கரியால் இழுத்த மீசை, காதில் பென்சில். நாடகம் பாதி நடந்துகொண்டிருந்தபோது, கோட்டைப் பக்கத்திலிருந்து வழக்கம்போல ஊருக்குள் மேய வந்த புள்ளிமான் ஒன்று, வெளிச்சத்தைக் கண்டு மிரளாமல், மேடையின் படிக்கட்டு வரை நடந்து வந்து நின்றது. கூட்டம் சலசலத்தது. முதியவர் வேடக்காரர் தம் வசனத்தை மறந்து வாய்பிளந்து நின்றார். கிளார்க்கர் மட்டும் பென்சிலைக் காதிலிருந்து எடுத்து, மானை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "வாங்கோ ஐயா, காணி உறுதி கொண்டு வந்தனீங்களோ? கோட்டைக்குள்ள எத்தனை பரம்பரையா இருக்கிறியள்?" என்று கேட்டார். மான் அசையவில்லை. "ஒண்டும் பேசாட்டி எப்பிடி? சரி, நாளைக்கு வாங்கோ" என்றார். அந்த 'நாளைக்கு வாங்கோ'வுக்கு எழுந்த சிரிப்பில்தான் மான் மிரண்டு ஓடியது. அங்கே இருந்தவர்களில் பாதிப்பேர் அந்த வாரத்திலேயே எங்காவது ஒரு கந்தோரில் அந்த வார்த்தையைக் கேட்டிருப்பார்கள். எழுதியிருந்த மிச்ச நாடகம் எவருக்கும் நினைவில்லை. அந்த மானும் கிளார்க்கரும்தான் பல ஆண்டுகள் ஊரில் பேசப்பட்டார்கள்.

சிறு நகரத்தில் சிரிப்பு எப்படி உண்டாகிறது என்பதை இந்தச் சம்பவத்தை வைத்தே விளக்கலாம். "எள்ளல் இளமை பேதைமை மடனென்று உள்ளப் பட்ட நகைநான் கென்ப" என்று தொல்காப்பியம் நகைக்கு நான்கு நிலைக்களன்களைச் சொல்கிறது. பெருநகரத்து மேடை எள்ளலைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். எள்ளப்படுபவர் எங்கோ தொலைவில் இருப்பார். திருமலையில் எள்ளப்படுபவர் முன்வரிசையில் மாலை போட்டுக்கொண்டு இருப்பார், பெரும்பாலும் ஒலிபெருக்கிக்குக் காசு கொடுத்தவரும் அவராகவே இருப்பார். ஆகவே நம் ஊர்க் கோமாளிகள் பேதைமையின் பக்கம் சாய்ந்தார்கள். தாம் அசடராக நடித்து, அந்த அசட்டுத்தனத்தின் மறைவில் சொல்ல வேண்டியதைச் சொன்னார்கள். மானைக் கேட்ட கேள்வி மானுக்கானதன்று என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் எவரும் கோபிக்க முடியாது. சட்டமும் இதற்கு ஒரு காரணம். பொது மேடையில் நடிப்பனவற்றை ஒழுங்குபடுத்த 1912 இலேயே ஒரு கட்டளைச் சட்டம் வந்துவிட்டது. அதன்படி எழுத்துருவைக் கொடுத்து அனுமதி பெற வேண்டும். எழுதிக் கொடுத்த வசனம் தணிக்கைக்கு உட்படும். மான் வந்தபோது பேசிய வசனத்தை எவர் தணிக்கை செய்வது?

சரி, இவ்வளவு திறமை இருந்தும் ஒரு குழு ஏன் நிலைபெறவில்லை? இதற்கு நான் காணும் முதற் காரணம் கணக்கு. சென்னையில் பல சபாக்கள் உண்டு. ஒவ்வொரு சபாவும் உறுப்பினரிடம் சந்தா வாங்கி நாடகக் குழுக்களை அழைக்கும். ஆகவே ஒரு நகைச்சுவை நாடகத்தை எழுதி ஒத்திகை பார்த்தவர்கள் அதையே சபா சபாவாக எடுத்துச் சென்று நூற்றுக்கணக்கான முறை நடிக்கலாம். கிரேஸி மோகனின் நாடகங்கள் அப்படித்தான் ஓடின. ஒவ்வொரு முறையும் எந்த வரிக்குச் சிரிப்பு வந்தது, எதற்கு வரவில்லை என்று பார்த்துத் திருத்தலாம். திருமலையில் ஒரு நாடகத்தை இரண்டு இரவு நடித்தால் பார்க்கக் கூடியவர்கள் எல்லாரும் பார்த்துவிடுவார்கள். மூன்றாம் இரவுக்கு வருபவர்கள் நடிகர்களின் உறவினர்கள். சோக நாடகத்தை ஒருவர் மறுமுறையும் பார்த்து அழுவார். நகைச்சுவைக்கு மறுமுறை வந்தவர், அடுத்த வரி என்ன என்பதைப் பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்லிக்கொண்டிருப்பார். மூன்று மாத ஒத்திகைக்கு இரண்டு இரவு வருமானம் என்றால் எந்தக் குழு தாங்கும்? சிகாகோக்காரர்கள் இந்தச் சிக்கலை, ஒவ்வோர் இரவும் பார்வையாளரிடமிருந்தே புதிய பொருளை வாங்குவதன் மூலம் அவிழ்த்தார்கள். நம் கோமாளிக்கும் அந்த வித்தை கைவந்திருந்தது. ஆனால் அவனுடைய பத்து நிமிடத்தைத் தனி நிகழ்ச்சியாக்கலாம் என்று எவரும் எண்ணவில்லை, அவனும் எண்ணவில்லை.

இரண்டாவது காரணம் வானொலி. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. இலங்கைத் தமிழ் நகைச்சுவையின் மிக வளமான காலம் வானொலியில்தான் அமைந்தது. இலங்கையர்கோன் எழுதிய 'விதானையார் வீட்டில்', 'லண்டன் கந்தையா' போன்ற நாடகங்கள், சானா என்று அறியப்பட்ட சண்முகநாதன் நாடகத் தயாரிப்பாளராக இருந்த காலத்தில், வீட்டுக்கு வீடு கேட்கப்பட்டன. பிறகு எழுபதுகளில் மரிக்கார் ராமதாஸ் எழுதிய 'கோமாளிகள்' வந்தது. அதில் மரிக்கார் முஸ்லிம் மக்களின் தமிழ் பேசுவார். ராஜகோபாலின் அப்புக்குட்டி யாழ்ப்பாணத் தமிழ் பேசுவார். செல்வசேகரனின் உபாலி சிங்களவர் பேசும் தமிழைப் பேசுவார். அப்துல் ஹமீதின் ஐயர் பிராமணத் தமிழ் பேசுவார். 1976 இல் அது படமாகவும் வெளிவந்தது. மற்ற ஊர்களில் இதைக் கேட்டவர்களுக்கு நான்கு வேடிக்கையான பாத்திரங்கள் தெரிந்திருக்கும். திருமலையில் கேட்டவர்களுக்கோ அது சந்தையின் ஒரு சாதாரணக் காலைப் பொழுது. ஒரே தெருவில் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் கடை வைத்திருக்கும் ஊரில், ஒருவர் மற்றவரின் மொழியைத் தப்பாகப் பேசுவதும், தப்பாகப் பேசியே வியாபாரம் முடிவதும் அன்றாட நடப்பு. இந்த நாடகம் பிறந்திருக்க வேண்டிய ஊர் இதுதான் என்று நண்பர்களிடம் நான் சொல்வதுண்டு, கொழும்பு முந்திக்கொண்டது. ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அன்று நால்வரும் சமமாக அசடராக இருந்ததால் எவருக்கும் நோகவில்லை. பிறருடைய பேச்சைப் போலச் செய்து காட்டுவது, ஒருவர் மட்டும் அசடராக்கப்படும்போது, வேறொன்றாக மாறிவிடும்.

கே. எஸ். பாலச்சந்திரனின் 'அண்ணை றைற்' பற்றிச் சொல்லாமல் இந்தப் பதிலை முடிக்க முடியாது. நெரிசலான பஸ் ஒன்றின் நடத்துநராக ஒரே ஒரு நடிகர் மேடையில் நிற்பார். பஸ் இல்லை, பயணிகள் இல்லை, மேடைப் பொருள் என்று சொல்லத்தக்க எதுவும் இல்லை. நடத்துநர் சொல்லும் மறுமொழிகளிலிருந்தே பயணி என்ன கேட்டார், எங்கே நிற்கிறார், எப்படிப்பட்டவர் என்பதை நாம் ஊகித்துக்கொள்ள வேண்டும். அதாவது நாடகத்தின் பாதியைப் பார்வையாளரே தம் மனத்தில் எழுதுகிறார்கள். 'றைற்' என்றால் பஸ் புறப்படும், 'ஹோல்டோன்' என்றால் நிற்கும் என்பதை அறிந்த எவருக்கும் அந்த ஓரங்க நாடகம் எந்த விளக்கமும் இல்லாமல் புரியும். மேடையில் தொடங்கி வானொலிக்கும் ஒலிநாடாவுக்கும் போய், கடைசியில் கனடாவிலும் ஐரோப்பாவிலும் உள்ள வரவேற்பறைகள் வரை சென்றது அது. படுதா மாற்றும் நேரத்துக் கோமாளி தனியாக நின்று தனக்கென ஒரு முழு நிகழ்ச்சியைப் பெற்றது அப்போதுதான் என்று எனக்குத் தோன்றும். ஆனால் ஒலிநாடா வந்த பிறகு நகைச்சுவைக்கு மண்டபம் தேவைப்படவில்லை.

கோவில் மேடையில் மட்டும் பழைய முறை நீடித்தது. வில்லிசைக் கலைஞர் சின்னமணி புராணக் கதை சொல்லும்போது நடுநடுவே நகைச்சுவையைக் கலந்து கொடுத்ததை வடக்கிலும் கிழக்கிலும் அறியாதவர் குறைவு. கதை சாமியுடையது, இடைவெளி அவருடையது. பலர் கதைக்காகப் போகவில்லை என்பது எல்லாருக்கும் தெரிந்த இரகசியம்.

மூன்றாவது காரணத்தைச் சுருக்கமாகவே சொல்ல விரும்புகிறேன். 1983 இல் இனக்கலவரம் வெடித்துப் போர் மூண்ட பிறகு இந்த ஊரில் இரவு இல்லாமற்போயிற்று. ஊரடங்குச் சட்டம் இருந்த நாட்களிலும் இல்லாத நாட்களிலும், பொழுது சாய முன்பே கடைகள் பூட்டப்பட்டன; பிள்ளைகள் வீடு திரும்பிவிட்டார்களா என்று தாய்மார் படலையில் நின்றார்கள். காத்திரமான நாடகம் பகலுக்கு இடம்பெயரக் கூடியது. யாழ்ப்பாணத்தில் குழந்தை ம. சண்முகலிங்கத்தின் 'மண் சுமந்த மேனியர்' போன்ற நாடகங்கள் அந்தக் காலத்தின் துயரத்தையே பொருளாகக் கொண்டு எழுந்தன. நகைச்சுவையோ மற்றவர்களின் இரவில் வாழ்ந்த ஒட்டுண்ணி. திருவிழா ஏழு மணிக்கு முடிந்துவிட்டால் மூன்றாம் சாமம் ஏது, இடைவெளிதான் ஏது? தொலைக்காட்சி வந்து நாடகத்தைக் கொன்றுவிட்டது என்று சிலர் எழுதுகிறார்கள். 1982 இல் அரச தொலைக்காட்சியான ரூபவாகினி வந்ததும், பிறகு வீடியோக் கடைகள் பெருகியதும் உண்மை. ஆனால் வீட்டுக்குள் அடைந்தவர்கள்தான் தொலைக்காட்சி பார்த்தார்கள், தொலைக்காட்சி பார்ப்பதற்காக எவரும் வீட்டுக்குள் அடையவில்லை. எங்கள் ஊரைப் பொறுத்தவரை இந்த வரிசையை மாற்றிச் சொல்வது தவறு. மான் வந்த மேடையின் கிளார்க்கர் அந்த ஆண்டுகளில் குடும்பத்தோடு வெளியேறினார். அவருடைய முத்துவெள்ளை டப்பாவும் சில ஒட்டு மீசைகளும் என் நண்பர் வீட்டு அலுமாரியில் வெகு காலம் இருந்தன, பிறகு கறையான் தின்றது.

இன்று பாடசாலைகளில் நாடகமும் அரங்கியலும் ஒரு பாடம். தமிழ்மொழித் தினப் போட்டிகளில் ஆண்டுதோறும் நாடகங்கள் மேடையேறுகின்றன. பயிற்சி நன்றாகவே இருக்கிறது. ஆனால் போட்டிக்கென்று ஆயத்தம் செய்யும்போது ஆசிரியர்கள் செய்தி உள்ள நாடகத்தைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். சிரிப்புக்குப் புள்ளி கிடைக்குமா என்ற ஐயம் அவர்களுக்கு. இளைஞர்கள் தொலைபேசியில் எடுத்து வெளியிடும் சிறு நகைச்சுவைக் காட்சிகளில் எனக்குப் பிடித்தவை பல உண்டு. ஆயினும் பார்ப்பவரின் சிரிப்பைக் கேட்டு அடுத்த சொல்லை ஒரு கணம் தாமதிக்கும் பழக்கம் அவற்றால் வராது. அதற்கு எதிரே ஆட்கள் இருக்க வேண்டும்.

கேள்வி கேட்ட தம்பியும் அவருடைய கூட்டாளிகளும் சென்ற ஆண்டு இதைச் செய்து பார்த்தார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தனியார் வகுப்பு நடக்கும் ஓர் அறை, நாற்பது பிளாஸ்டிக் கதிரைகள், இரண்டு மின்விசிறிகள், திரை கிடையாது. நடிகர்கள் ஐந்து பேர் முன்னால் வந்து, ஒரு சொல் தாருங்கள் என்று கேட்டார்கள். அறை கூச்சத்தில் அப்படியே இருந்தது. நம் சனத்துக்கு மேடையில் இருப்பவன் கேள்வி கேட்டால், பாடசாலையில் ஆசிரியர் கேட்டது போலத் தலை குனியும் பழக்கம். கடைசியில், பேரனோடு வந்திருந்த ஓர் ஆச்சி "சூடை" என்றார். மீன் சந்தைக் காட்சி ஒன்று தொடங்கியது. விற்பவனாக நடித்த பையன் கூவினான், வாங்க வந்தவன் மீனின் செவுளைத் திறந்து பார்ப்பது போல விரலை விட்டான், பேரம் நடந்தது, நூறு ரூபாவுக்கு ஒரு கிலோ என்று விலை முடிந்தது. உடனே கதிரையிலிருந்து ஆச்சி, "நூறுக்கு எங்கையடா மோனை சூடை விக்கிது? சொல்லு, நானும் வாறன்" என்றார். அறை சிரித்து அடங்க நேரமாயிற்று. விற்பவன் திகைத்து நின்றான். பிறகு தலையில் இல்லாத கடகத்தை மெல்ல இறக்கி வைத்துவிட்டு, ஆச்சியின் கதிரைக்குப் பக்கத்தில் போய்க் குந்தி, "ஆச்சி, மெதுவாச் சொல்லுங்கோ, இது நேற்றையான்" என்றான்.